சுந்தரவல்லியின் காதில் விழுந்தது

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத்தான் சுந்தரவல்லி கார்டைத் தொடுவாள். தில்லியில் ஜனவரி மாதம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் காலையில் பனி உறைந்து கிடந்த வாரம் அது. ஊரே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இவள் பருத்திப் புடவையோடு நின்று முதலில் சமையலறைக் குழாயைத் தொடுவாள், பிறகு கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைத் தொடுவாள், அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பாள். கம்பளி உடுப்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் விரல் நுனியிலிருந்து ஒரு பொறியாகப் பாய்ந்தால் போதும், கார்டு செத்துப்போகும். ஒன்றை அப்படிச் சாகக் கொடுத்திருக்கிறாள். "எனக்குச் சளி பிடிச்சா கஷாயம் இருக்கு, இதுக்கு என்ன இருக்கு?" என்பாள்.

கார்டு என்பது கம்ப்யூட்டர் திரையில் எழுத்தையும் படத்தையும் வரைகிற பச்சைப் பலகை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. சுந்தரவல்லியிடம் இருப்பது மெரிடான் என்ற கம்பெனியின் மலிவு ரகம். அது குடியிருக்கும் பெட்டிக்கு மூடி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அடிக்கடி கழற்றி மாட்டச் சலித்துப்போய் அவள் அதைப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் துளசித் தொட்டிக்கு அடித்தட்டாக வைத்துவிட்டாள். ஸ்க்ரூக்கள் இருப்பது பழைய பெருங்காய டப்பாவில். அதனால் அந்த அறைக்குள் நுழைகிறவருக்கு எங்கோ ரசம் கொதிக்கிறது என்று தோன்றும். கணவர் பாலசுப்ரமணியம் அரசாங்க உருக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு அதிகாரி. அவர் கட்டிலில் இருந்தபடியே, ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தான் கூட வரப்போவதில்லை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அறிவிப்பார். அறிவித்துவிட்டு எழுந்துபோய் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து வைப்பார். இருபது வருஷத்துக் குடித்தனத்தில் அவருடைய மிரட்டல்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

அவளுடைய அப்பா மதுரையிலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாகத் தில்லிக்கு வந்தவர். சுந்தரவல்லி படித்தது புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில், வேலை பார்ப்பது ஆர்.கே. புரத்தில் புள்ளிவிவரம் சேர்க்கும் ஓர் அலுவலகத்தில். அங்கே அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் கொண்டுவரும் எலுமிச்சைச் சாதமும், யார் மேலதிகாரியாக வந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுகிற வாயும்தான். மாலையில் வீடு திரும்பி முகம் கழுவிக்கொண்ட பிறகு அவள் செய்கிற வேலை இன்னதென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலும் புரியப்போவதில்லை என்பது அவள் எண்ணம். கீழ்வீட்டு சோப்ரா ஆன்ட்டி, வீட்டுக்குச் சொந்தக்காரி, பல வருஷமாக அதை டிவி ரிப்பேர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை இதுதான். கார்டு தானாக எதையும் வரையாது. எந்த இடத்தில் எந்த எண்ணைப் போட்டால் என்ன வரையும் என்று அதனிடம் சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். மெரிடான்காரர்கள் விண்டோஸுக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்தார்கள். சுந்தரவல்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் வாங்கி, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை ஏற்றியபோது, திரையில் எழுத்துகள் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக வந்து உட்கார்ந்தன. கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் விவரத் தாள்களைக் காட்டுவோம், ஆனால் அதை வைத்து எழுதுவதை எங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. "வீட்டுச் சாவியைக் குடுப்பானாம், கதவைத் தொறக்கக் கூடாதாம்" என்று பாலசுப்ரமணியத்திடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். 'நன்றி, எனக்குக் கண் இருக்கிறது' என்பது அதன் பொருள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருத்தி போட்டு முடித்த கோலத்தைப் பார்த்துப் புள்ளிக் கணக்கைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை. விண்டோஸில் ஒரே ஒரு காரியத்தைச் செய்வாள், ஒரு சின்னக் கட்டம் வரைவது போல. வரைவதற்கு முன் கார்டுக்குள் எந்த இடத்தில் என்ன எண் இருந்தது, வரைந்த பிறகு எது மாறியது என்று ஒப்பிடுவாள். மாறிய இடம் கட்டத்துக்கான இடம். பிறகு கட்டத்தின் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பாள். மறுபடியும் ஒப்பீடு. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போய்விடும் என்பதால் பொறுமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். பிறவியிலேயே பொறுமைசாலி என்று அவளைச் சொன்னால் அவளோடு பிறந்தவர்கள் சிரிப்பார்கள்.

உலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் பலர் உண்டு. மின்னஞ்சல் குழு ஒன்றில் கூடிக்கொள்வார்கள். செக் நாட்டு ப்ர்னோ நகரத்தில் மாரெக் என்று ஒருவன். எந்த டிரைவர் குழு லினக்ஸுக்காக விடும் வெளியீட்டில் சேரும், எது சேராது என்று முடிவு செய்கிறவன் அவன். பாராட்டி ஒரு வார்த்தை எழுதியறியாதவன். வெகுநாள்வரை அவளைச் 'சுந்தர் அவர்களே' என்று ஆணாகவே விளித்துக்கொண்டிருந்தான். அவளும் திருத்தவில்லை, பொம்பளை என்று தெரிந்து ஒரு தப்பை மென்மையாகச் சொல்லிவிட்டானானால் தனக்கு நஷ்டம் என்று நினைத்தாள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கண்டுபிடித்தாலும் அதற்குக் கீழே எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் எழுத வேண்டும். சுந்தரவல்லியின் டிரைவரில் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே அந்த விளக்கம் இருக்கும், சில இடங்களில் நிரலைவிட விளக்கம் நீளம்.

அந்த வழக்கம் ஏதோ ஆசாரத்துக்காக அல்ல. கம்பெனியின் ரகசியத் தாளைப் பார்த்த கையிலிருந்து ஒரே ஒரு வரி வந்து சேர்ந்தாலும், நாளைக்கு அவர்கள் வழக்குப் போட்டு, மொத்தமும் எங்களிடமிருந்து திருடியது என்று சொல்லலாம். அப்போது 'இல்லை, இதோ நாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டோம்' என்று நீட்டிக் காட்ட அந்த விளக்கங்கள்தான் இருக்கின்றன. ஆகவே பார்க்கக் கூடாது. யாராவது கொண்டுவந்து மடியில் போட்டாலும் பார்க்கக் கூடாது. சுந்தரவல்லி இதில் சஷ்டி விரதக்காரி மாதிரி. எங்கோ ஒரு இணையதளத்தில் மெரிடான் தாள்கள் கசிந்திருக்கின்றன என்று வதந்தி வந்தபோது, அந்தத் தளத்தின் பெயரைப் படித்துவிடக் கூடாதென்று திரையைக் கையால் மறைத்துக்கொண்டே அந்த அஞ்சலை அழித்தவள்.

சரியாக வரைகிறதா என்று சோதிக்க அவள் ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். முழுக்கத் தமிழ். ஆங்கில எழுத்து நேர்க்கோடாக நிற்பதால் ஒரு புள்ளி நகர்ந்தாலும் தெரியாமல் மழுப்பிவிடும். ஞகரமும் ணகரமும் ளகரமும் அப்படியல்ல, சுழியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கண்ட உண்மை. அந்தப் பக்கத்தில் அவள் அடித்து வைத்திருப்பது வெறும் திட்டு. வெளங்காத பயல், கூறுகெட்டவன், எடுபட்டவன், களவாணி, மண்ணாந்தை என்று லீவுக்குப் போனபோதெல்லாம் மதுரைச் சந்தைப்பேட்டையில் சேகரித்த சரக்கு, எல்லாம் மெரிடான் கம்பெனியை உத்தேசித்தது. டிரைவரில் பிழை வரும்போதெல்லாம் அந்தத் திரையைப் படம் பிடித்து உலகம் முழுவதற்கும் அனுப்புகிறாள். படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்தக் குழுவில் இல்லை. மாரெக் ஒரு தடவை, உங்கள் மொழியின் கவிதையா என்று கேட்டான். ஆமாம் என்று எழுதிவிட்டாள்.

படிக்கத் தெரிவதில் ஒரு தொல்லை உண்டு. வார்த்தை தெரிந்த கண் உடைந்த எழுத்தையும் ஒட்டவைத்துப் படித்துவிடும். அதற்கு சோப்ரா ஆன்ட்டி இருந்தாள். தண்ணீர் மோட்டார் போட மாடி ஏறும்போது ஆன்ட்டி இங்கே மூச்சு வாங்க உட்காருவாள். முழங்காலைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்து, "பேட்டி, யே ஜலேபி டூட்டீ ஹுயீ ஹை" என்று விரலை வைப்பாள். ஜிலேபி உடைந்திருக்கிறதாம். வைத்த இடத்தில் 'வெளங்காத'வின் ளகரம் பிய்ந்து தொங்கும். ஆன்ட்டிக்கு ஒரு டீ, சுந்தரவல்லிக்கு ஒரு பிழை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜிலேபிதான் பாக்கி. அது எவ்வளவு முயன்றும் ஒட்டவில்லை. திரையில் ஒரு ஜன்னலை இடப்பக்கம் இழுத்தால் சுத்தமாக நகர்ந்தது. வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தால் எழுத்தெல்லாம் ஈரக்கோலத்தில் கால் பட்டதுபோல இழுவிக்கொண்டு போயிற்று. காரணம் அவளுக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்களை ஓரடி வலப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னால், வலக்கோடி ஆள்தான் முதலில் நகர வேண்டும். இடக்கோடி ஆள் முதலில் நகர்ந்தால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். வலக்கோடியிலிருந்து ஆரம்பி என்று கார்டுக்குச் சொல்ல உள்ளே எங்கோ ஒரு விசை இருக்கிறது. விண்டோஸ் அதைத் தட்டுகிறது. எந்த விசை என்பதுதான் அகப்படவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் இது தீராவிட்டால் மெரிடான் டிரைவரை அடுத்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடப் போவதாக மாரெக் எழுதிவிட்டான். எடுத்தால் எடுத்ததுதான், ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அவளை நம்பி அந்த மலிவுக் கார்டை வைத்திருக்கிறவர்கள், பெரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடைக்காரர், எல்லோரும் பழைய கொழுக்கட்டை எழுத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பொங்கல் வந்தது. பாலசுப்ரமணியத்தின் தம்பி ஜெயசீலன் துவாரகாவில் சொஸைட்டி பிளாட்டில் இருக்கிறான். மெட்ரோ அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, அதில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையிலேயே அண்ணனும் மதினியும் கிளம்பினார்கள். தம்பி மனைவி பூங்கோதை குக்கரில் பொங்கல் பொங்கி, விசில் வந்ததும் பிள்ளைகளைப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தச் சொல்லி, சம்பிரதாயத்தைக் காப்பாற்றினாள். ஜெயசீலனுக்கு நொய்டாவில் சில்லு வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த அலுவலகம் மெரிடானுக்கும் ஒப்பந்த வேலை செய்கிறது என்பது குடும்பத்துக்குத் தெரியும். ஆகவே அவனும் மதினியும் தொழில் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. அவன் கையெழுத்துப் போட்டவன், அவள் போட மறுத்தவள். இருவரும் கிரிக்கெட் பேசுவார்கள்.

அன்று பாலசுப்ரமணியம்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வல்லி மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஏதோ வலப்பக்கம் இழுத்தால் எழுத்து கலைகிறதாம் என்று தம்பியிடம் அங்கலாய்த்தார். ஜெயசீலனுக்கு மதினி என்றால் உயிர். கல்லூரியில் அவனுக்குப் பணம் கட்டியவள் அவள், அவனுக்கு முதல் கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தந்ததும் அவள். கையில் இருந்த வடையை அப்படியே நிறுத்தி, மதினியைப் பார்த்துச் சிரித்தான்.

"அட இதுக்கா மதினி இவ்வளவு நாளு கஷ்டப்பட்டீங்க? ஒண்ணுமே இல்ல," என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான்.

என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் இதைப் படிக்கிறவர்களும் கெட்டுப்போவார்கள், அப்புறம் யாரும் அந்த டிரைவரைத் தொட முடியாது. ஒரு சின்ன வாக்கியம், அதில் ஒரு எண். காதை மூட அவளுக்கு நேரமில்லை. கை நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

சுந்தரவல்லி இலையிலிருந்து எழுந்துவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவளைப் பார்த்துப் பூங்கோதை பதறி, உப்பு அதிகமாகிவிட்டதா என்று கேட்டாள். கை கழுவிவிட்டு வந்து நின்ற சுந்தரவல்லிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அழுகை துக்கத்தால் அல்ல, அடக்க முடியாத கோபத்தால்.

"ஏன்டா சொன்ன? உன்னைய நான் கேட்டேனா? நாளைக்கு நானே பாத்து எடுத்திருப்பேன்டா. இனிமே எடுத்தாலும் அது என்னுது இல்லையே."

நல்லதுதானே சொன்னேன் என்று அவன் திருதிருவென்று விழித்தான். சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. இது வெளியே தெரிந்தால் போவது அவன் வேலையும்தான். இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை நீ என் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, உன் வாய் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். புது மெட்ரோவில் ஜனங்கள் கண்ணாடி வழியாக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த எண்ணை மறக்க முயன்றால் அது இன்னும் நன்றாக மனப்பாடமாயிற்று.

வீட்டில் பாலசுப்ரமணியம் நியாயமான மனிதர் கேட்கிற கேள்வியைக் கேட்டார். கம்பெனிக்குத் தெரியாது, மாரெக்குக்குத் தெரியாது, சொன்னவன் சொல்லப் போவதில்லை. ஐந்து நிமிஷ வேலை. போட்டுவிட்டுப் போகாமல் எதற்கு இந்தப் பாடு?

"எப்படிக் கண்டுபிடிச்சன்னு அடியில எழுதணும்ல. ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருக்கேன். இதுக்கு மட்டும் என்னங்க எழுதுறது, துவாரகாவுக்குப் பொங்கல் சாப்பிடப் போனேன்னா?" என்று கேட்டாள். "ஒரு பொய்யை எழுதினா மிச்சம் இருக்குறதெல்லாம் பொய்யாயிரும். கம்பெனிக்காரன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

மறுநாள் குழுவுக்கு எழுதினாள். தாள்களைப் பார்த்த ஒருவர் வாயிலிருந்து இந்த ஒரு விஷயம் என் காதில் விழுந்துவிட்டது; அது யார் என்று சொல்ல மாட்டேன்; இனி இந்த விசையை நான் தேடவும் மாட்டேன், தேடுகிறவருக்கு ஆம், இல்லை என்று தலையாட்டவும் மாட்டேன். அவ்வளவுதான். குழுவில் சிலர் இவ்வளவு வெளிப்படையாக இருக்கத் தேவையில்லை என்றார்கள், ஒருவர் இது அசட்டுத்தனம் என்றே எழுதினார். மாரெக் ஒரு வரி போட்டான்: சரி, அந்தப் பகுதியை நான் பார்க்கிறேன், நீங்கள் தொட வேண்டாம். தான் கட்டிய வீட்டுச் சமையலறையிலிருந்து தன்னையே வெளியே நிறுத்தியது போல அவளுக்கு இருந்தது. அவன் செய்தது சரி என்று தெரிந்ததால் வலி இன்னும் அதிகம்.

அதன் பிறகு வந்த வாரங்கள் போல மோசமான வாரங்களை அவள் பார்த்ததில்லை. மாரெக்கிடம் அந்தக் கார்டு இல்லை. அவன் அங்கிருந்து யூகித்து நிரலைத் திருத்தி அனுப்புவான், இவள் இங்கே ஓட்டிப் பார்த்துக் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். முதலில் அனுப்பியது சரியில்லை. அடுத்ததும் இல்லை. அவன் எங்கே தடவுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை விசைக்குப் பக்கத்து வீடுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்றைக்கு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'இன்னும் கலைகிறது' என்று எழுதுவதற்குக்கூடப் பயம். 'இன்னும்' என்ற சொல்லில் அவன் ஏதாவது ஜாடை கண்டுபிடித்துவிட்டால்? அதையும் அடித்துவிட்டுக் 'கலைகிறது' என்று மட்டும் அனுப்பினாள். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததை அலுவலகத்தில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் பாதி போனபோது மாரெக் கைவிட்டான். வேறு வேலைகள் இருக்கின்றன, இதற்கு வழி தெரியவில்லை, டிரைவரை எடுத்துவிடலாம் என்று குழுவில் எழுதினான். அவள் அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கோபம் வந்தால் அலமாரியைச் சுத்தம் செய்வது அவள் பழக்கம். பருப்பு டப்பா, மிளகாய்ப் பொடி டப்பா, புளி ஜாடி எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்தாள். பாலசுப்ரமணியம் உதவிக்கு வந்து, எல்லாவற்றையும் எதற்கு இறக்க வேண்டும், தட்டிலேயே ஓரமாக நகர்த்திவிட்டுத் துடைக்கலாமே என்றார். நகர்த்தினால் ஒன்றோடு ஒன்று இடித்துப் புளி ஜாடி விழும், கீழே இறக்கிவிட்டு ஏற்றினால் எந்தக் கோடியிலிருந்து எடுத்தால் என்ன என்று எரிந்து விழுந்தாள்.

எரிந்து விழுந்த வாய் அப்படியே நின்றது. ஆனால் உடனே அறைக்கு ஓடவில்லை. அலமாரியைத் துடைத்து முடித்து, பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதிதாக விரித்து, டப்பாக்களை அதனதன் இடத்தில் ஏற்றிய பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கார்டின் நினைவகத்தில் திரைக்குத் தெரியாத ஒரு மூலை சும்மா கிடக்கிறது. ஜன்னலை வலப்பக்கம் நேராக நகர்த்தாதே. முதலில் மொத்தமாக அந்த மூலைக்கு இறக்கு, பிறகு அங்கிருந்து புது இடத்துக்கு ஏற்று. யாரும் யார் காலையும் மிதிக்கப் போவதில்லை. எந்தக் கோடியிலிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வியே எழாது. ரகசிய விசை வேண்டாம். காதில் விழுந்த அந்த எண் அப்படியே காதிலேயே கிடக்கட்டும். ஒன்றுக்கு இரண்டு வேலை என்பதால் வேகம் பாதியாகும். ஆகட்டும் என்று நினைத்தாள். அடுத்தவன் கொடுத்த பல்லக்கில் போவதைவிட நம் காலால் நடந்து போகலாம்.

எழுதி ஓட்டினாள். வலப்பக்கம் இழுத்தாள். மதுரைத் திட்டுகள் அத்தனையும் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரு சுழி கலையாமல் நகர்ந்தன. சோப்ரா ஆன்ட்டியை வலியக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்து, "சப் டீக் ஹை", எல்லாம் சரி என்று சொல்லி, உடைந்தது எதுவும் அகப்படாத ஏமாற்றத்தோடு டீயைக் குடித்தாள்.

நிரலுக்குக் கீழே எப்படிக் கண்டுபிடித்தேன் என்ற இடத்தில், அலமாரி துடைத்த கதையை ஒளிக்காமல் அப்படியே எழுதினாள், கணவர் சொன்ன யோசனையும் உட்பட. மாரெக் அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். அந்த ரகசியத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் உங்களுக்கு இது தோன்றியிருக்குமா என்று கேட்டான். யோசித்துப் பார்த்து உண்மையை எழுதினாள்: தோன்றியிருக்காது, விசையைத்தான் தேடிக்கொண்டிருந்திருப்பேன், ஆனால் கேட்டது எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை, கோபத்தை மட்டும்தான் தந்தது, என் கோபம் மெரிடானுக்குச் சொந்தமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் அலுவலகத்தில் யாரோடும் சண்டை போடவில்லை. மூன்றாம் நாள் மாரெக் நிரலை வரி வரியாகச் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். பாராட்டு எதுவும் இல்லை. 'ஓர் இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தான்.

வெளியீடு மார்ச்சில் வந்தது. ஹோலி முடிந்த மறுநாள் ஜெயசீலன் வந்து நின்றான். கழுவியும் போகாத ரோஸ் சாயம் இரண்டு காது மடலிலும் இருந்தது. கையில் மோத்திசூர் லட்டுப் பெட்டி. உள்ளே வரலாமா என்று வாசற்படியிலேயே நின்று கேட்டான். அவன் வேலைக்கு ஒரு சேதமும் வரவில்லை என்று அண்ணன் மூலம் முன்பே அவளுக்குத் தெரியும். ஆனாலும் நேரில் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். வாடா தம்பி என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, மௌஸை அவன் கையில் கொடுத்து, வலப்பக்கம் இழுக்கச் சொன்னாள்.

இழுத்தான். எழுத்து எதுவும் கலையவில்லை. மறுபடியும் இழுத்தான், மூலைக்கு மூலை இழுத்தான். தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஆகையால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, தான் சம்பளம் வாங்குகிற இடத்தின் மீது விழுந்த அத்தனை திட்டுகளுக்கும் வாய்விட்டுச் சிரித்தான். தான் சொன்னதை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்தாள். இன்னொரு தடவை மெதுவாக இழுத்தான், எஞ்சினியர் கை சும்மா இருக்குமா, புருவத்தைச் சுருக்கினான்.

"சுத்தமா வருது மதினி. ஆனா வேகம் பாதிதான் வருது. அதுக்குப் பக்கத்துலயே இன்னொன்னு இருக்கு, அதை மட்டும் நீங்க..."

சுந்தரவல்லி பெட்டியிலிருந்து முழு லட்டு ஒன்றை எடுத்து அவன் திறந்த வாய்க்குள் திணித்து, அவன் மென்று விழுங்கி முடிக்கும்வரை உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.